ஆவியில் வெந்த தாள்

காலை ஆறே முக்காலுக்கு ஸ்டெல்லா வந்து எதிர்ச்சாரியில் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்றுகொண்டாள். நாகஜோதி நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, பதினாறு நாளாக அதே நேரம், அதே இடம், முதல் ஈடு இறங்கும்போது வருவாள், கடைசி ஈடு தீர்ந்து கொப்பரையைக் கவிழ்க்கும்வரை நிற்பாள், பிறகு போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. வாய்க்கு வந்தபடி ஏசினால் பரவாயில்லை, மண்ணை அள்ளி அடுப்பில் போட்டால் பரவாயில்லை, தலைமுடியைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டு மிதித்தால் அதைவிட நல்லது, நாகஜோதிக்கும் கையில் கரண்டி இருக்கிறது, பதிலுக்கு நாலு சாத்து சாத்தலாம், தெரு கூடி விலக்கிவிடும், ஒரு வழியாக முடிந்துவிடும். இவள் என்னடாவென்றால் பூசைக்குப் போகிறவள் மாதிரி சேலையைத் தழையக் கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மட்டும் அனுப்பிவைக்கிறாள். அந்தக் கண் டவுன் பஸ்ஸுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவே புகுந்து ரோட்டைத் தாண்டி வந்து இட்லித் தட்டில் உட்கார்ந்துகொள்கிறது. உட்காரட்டும். வேகட்டும். "யக்கா, ஆறு இட்லி பார்சல், சாம்பார் ரெண்டு கவராக் கட்டுங்க" என்றான் மில்லுக்குப் போகிற ஒருவன். நாகஜோதி கொப்பரை மூடியை வெறுங்கையால் தூக்கினாள், ஆவி அவள் முகத்தில் அறைந்தது. நன்றாக அறையட்டும். தட்டைக் கவிழ்த்துத் தட்டி, இட்லிகளின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் தாளை ஒரு முனையில் பிடித்து உரித்தாள். கோழித் தோல் மாதிரி ஒரே இழுப்பில் வந்தது. எதிரே நிற்கிறவளின் புருஷன் சவரிமுத்துவுக்கு வலது மணிக்கட்டிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தாலும் அந்தக் கை இனி ஆட்டோ ஹேண்டிலைப் பிடிக்காது என்று சொல்லிவிட்டார்களாம். அதை உடைத்தவன் நாகஜோதியின் தம்பி ராஜபாண்டி. உடைக்கச் சொன்னவள் இதோ இங்கே நின்று இட்லி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான், வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. மூன்று வருஷத்துக்கு முந்திவரைக்கும் துணி. துணியென்றால் தினமும் வெந்நீரில் அலசவேண்டும், மழைக்காலத்தில் காயாது, புளித்த வாடை போகாது, ஈட்டுக்கு நாலு இட்லி பிய்ந்துபோகும், பிய்ந்ததை விற்க முடியாது, வீட்டுக்காரர் தங்கராசுதான் தின்றாக வேண்டும், பூட்டுப் பட்டறைக்குப் போகிற மனுஷன் மூன்று வேளையும் பிய்ந்த இட்லியைத் தின்றே பாதி வயசைக் கழித்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பெரிய கடையில் தாள் விரித்து ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தாள், மறுநாளே இவளும் விரித்தாள். இட்லி கண்ணாடியாக வழுக்கிக்கொண்டு வந்தது. எப்பேர்ப்பட்ட பெருமை. "எங்க கடையில துணி கிடையாதுங்க, சுத்தம்" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். சுத்தமாம் சுத்தம். அந்த நாக்கை அறுத்து அடுப்பில் போடவேண்டும். மகள் மிதுனாவுக்கு அப்போது நாலரை வயசு, முதல் ஈட்டுக்கு அடுப்படியிலேயே குந்திக்கொண்டிருப்பாள், தாளோடு சேர்த்துக் கையில் கொடுத்தால் தாளில் ஒட்டியிருக்கிற மாவையும் பல்லால் சுரண்டித் தின்னும். சுடச்சுட டீயைக் கவரில் வாங்கி ஓரத்தைக் கடித்து உறிஞ்சும், அது ஒரு விளையாட்டு அதற்கு. கைக்குழந்தையாக இருந்தபோது பால் புட்டியை வென்னியில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வைத்தது யார், கிருமி சாகட்டும் என்று, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று? பள்ளிக்கூட டப்பாவில் முயல் படம், வடித்த சோற்றை ஆவி பறக்க அதில் அமுக்கி மூடியை அழுத்தியது யார்? "அம்மா, சோத்துல டப்பா வாசம் அடிக்குது" என்று பிள்ளை சொல்லத்தான் செய்தது. புதுச் செருப்புக்கடைக்குள் நுழைந்தால் வருமே அந்த வாசம், நாகஜோதிக்கும் வந்தது, வராமல் என்ன. "வக்கணை பேசாம தின்னுடி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். தின்றது. ஏழு வயசுவரை தின்றது. பிள்ளைக்கு மூக்கு இருந்தது, அம்மாவுக்குக் கை இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை. அதை நினைக்கக்கூடாது என்றுதான் அடுத்த தட்டில் தாளை விரித்தாள், மாவை ஊற்றினாள், குழிக்குக் குழி ஊற்றினாள், ஏழாவது குழிக்கு வரும்போது மனசில் அன்றைய சாயங்காலம் நாலே கால் மணியாகிவிட்டது, பள்ளிக்கூட ஆட்டோ வந்து நின்றுவிட்டது. சவரிமுத்து எப்போதும்போல ஒவ்வொரு பிள்ளையாக அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இறக்கினான், பிளாட்பாரம் உயரமாக இருக்கிறதே, பிள்ளைகள் தடுக்கி விழுந்துவிடுமே என்று இரண்டு வருஷமாக அவன் செய்கிற வேலை. "யக்கா, பாப்பாவுக்கு மேலுக்கு முடியல போல, வழியெல்லாம் அழுதுகிட்டே வந்துச்சு, என்னன்னு பாருங்க" என்று அவன்தான் சொன்னான். அவன் வாயாலேயே. உள்ளே போனதும் பின்பக்கம் பார்த்தாள். கட்டம் போட்ட பாவாடையில் ரத்தம். அதிகமில்லை, உள்ளங்கை அகலம். ஏழரை வயசு. நாகஜோதி பெரிய மனுஷியானது எட்டாம் வகுப்பில், பதிமூன்று முடிந்து, புட்டும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாக வீடே மணத்தது, பச்சை ஓலைக் குச்சுக் கட்டினார்கள், தாய்மாமன் சீர் வந்தது. அதற்கும் பால்பல் முழுசாக விழாத இந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை, அது மனசின் ஓரத்துக்குக்கூட வரவில்லை, வந்ததெல்லாம் டிவியில் தினமும் ஓடுகிற சேதி, பேர் மறைத்து, முகம் மறைத்து, ஊர் மட்டும் சொல்கிற சேதி. அப்படியானால் ஒருத்தன் இருக்கிறான். எவனோ ஒருத்தன். கதவைச் சாத்தினாள். கையில் தோசைக் கரண்டி, இரும்பு, அடுப்பிலிருந்து அப்படியே எடுத்து வந்தது, எடுத்து வந்தது அவளுக்கே தெரியாது. யாருடி தொட்டா, வாத்தியாரா? முதல் அடி. இல்ல. வாட்ச்மேனா? இல்லம்மா, இல்ல. மாடி வீட்டுக் கிழவனா? இல்ல. உங்க பெரியப்பன் மகனா? இல்லம்மா வலிக்குதும்மா. சவரியா? அந்த ஐந்தாவது அடி முழங்கை முட்டியில் விழுந்தது. பிள்ளை தலையை ஆட்டியது. அவ்வளவுதான், அடி நின்றுவிட்டது. தலையை ஆட்டினால் அடி நிற்கும் என்று அதற்குத் தெரிந்துபோயிற்று, ஏழு வயசில் அது கண்டுபிடித்த பெரிய உண்மை. கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நாகஜோதி பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று கத்தினாள். எவ்வளவு சந்தோஷமாகக் கத்தினாள், ஆள் கிடைத்துவிட்டான் என்று.

"யம்மா, சட்னி இன்னும் ஒரு கரண்டி" என்று யாரோ தட்டை நீட்டினார்கள். ஊற்றினாள். தட்டில் பாதி, அவர் விரலில் பாதி. "பாத்தும்மா" என்றார். பார்த்துத்தானே ஊற்றினாள். ஸ்டெல்லாவைப் பார்த்து. அன்றைக்கு ராஜபாண்டி இரண்டு பேரோடு வந்தான், ஜாக்கி லிவரோடு வந்தான், தங்கராசு தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டதோடு சரி. நாகஜோதி வீட்டில் இருந்திருக்கலாம். பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம். பின்னாலேயே ஓடினாள், செருப்பில்லாமல் ஆட்டோ ஸ்டாண்டுவரைக்கும் ஓடினாள், மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று பார்த்தாள். "பச்சப் புள்ள மேலயாடா கை வைக்கிற" என்று ராஜபாண்டி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான், முதல் குத்தில் சவரிமுத்துவின் பல் இரண்டு ஆட்டோ மிதியடியில் விழுந்தது. அவன் தடுக்கக்கூட இல்லை, யாரையோ அடிக்க வந்தவர்கள் ஆள் தெரியாமல் தன்னை அடிக்கிறார்கள் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் அவளைக் கண்டுபிடித்து, "யக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா" என்றான். நாகஜோதி சொன்னாள். "அந்தக் கைய ஒடிங்கடா" என்றாள். "தூக்கி எறக்குன கைய" என்றாள். கையை இழுத்து மிதியடிமேல் வைத்து லிவரை ஓங்கினார்கள். மூன்று தடவை. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அது. அந்தச் சத்தம் இப்போதும் வருகிறது, தேங்காய் உடைத்தால் வருகிறது, விறகு வெடித்தால் வருகிறது, மிதுனா முறுக்குக் கடித்தால் வருகிறது, அன்றைக்கு முறுக்கைப் பிடுங்கி வெளியே வீசிவிட்டாள், பிள்ளை அழவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்தது, அடுத்து எங்கே வரும் என்று.

மறுநாள் மதுரை. பெரிய டாக்டரம்மா, வெடவெடவென்று ஒல்லியாக, கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்தார், அப்புறம் பிள்ளையின் இடது கையை மட்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கையை எதற்கு? எலும்புக்கு என்ன வயசு என்று பார்க்கவாம். விளக்கில் மாட்டியபோது குட்டிக் குட்டி எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன, உடையாத கை, முழுசான கை. பிள்ளைக்கு வயசு ஏழரை, எலும்புக்குப் பத்தரை. "யாரும் தொடலம்மா. சீக்கிரமே வயசுக்கு வந்திருக்கா, அவ்வளவுதான். இப்பெல்லாம் இப்படி நிறையப் பிள்ளைங்க வர்றாங்க. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டு நிறுத்தி வைக்கலாம், பயப்படாதீங்க" என்றார். பிறகு முழங்கையைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன காயம்?" என்றார். விழுந்துட்டா டாக்டர். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாகஜோதியை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். அப்புறம்தான் கேள்விகள் ஆரம்பித்தன, என்ன சாப்பிடுவாள், எதில் சாப்பிடுவாள், சூடாகவா, டப்பா எந்த மாதிரி, தண்ணீர் பாட்டில் வெயிலில் கிடக்குமா. நாகஜோதி சொல்லச் சொல்ல அவர் எழுதினார், இட்லித் தாள் என்றதும் பேனா நின்றது. "பிளாஸ்டிக்ல கலந்திருக்கற சில ரசாயனம் சூடு பட்டா சாப்பாட்டுல எறங்கும்மா. உள்ள போய் ஹார்மோன் மாதிரியே வேஷம் கட்டும். வயசாயிருச்சு, வயசாயிருச்சுன்னு பொய்ச் சேதி சொல்லிக்கிட்டே இருக்கும். உடம்புக்கு அது பொய்னு தெரியாது, நம்பிரும்." அப்ப அந்தத் தாள்தானா டாக்டர்? டாக்டரம்மா பேனாவை மூடினார். "இதுதான்னு என்னால விரல் நீட்டிச் சொல்ல முடியாது. உடல் எடை இருக்கு, பரம்பரை இருக்கு, நிறையப் பேருக்குக் காரணமே தெரியறதில்ல. சந்தேகப்பட எடம் இருக்கு, ஆராய்ச்சி நடக்குது. எதுக்கும் நிறுத்திருங்க." இருபது வருஷம் படித்தவர், ஸ்கேன் வைத்திருக்கிறவர், எக்ஸ்ரே வைத்திருக்கிறவர், ஒரு தாளைப் பார்த்து விரல் நீட்ட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. எட்டாங்கிளாஸ் தாண்டாத நாகஜோதி தோசைக் கரண்டியை வைத்து அஞ்சே அடியில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். பொய்ச் சேதியைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் உடம்பு தலையை ஆட்டிவிடுமாம். ஆமாம் டாக்டர், ஆட்டிவிடும். பார்த்திருக்கிறேன்.

எதற்கும் நிறுத்திருங்க. நிறுத்தினாளா? மிதுனாவுக்கு நிறுத்தினாள். பிள்ளைக்கு மட்டும் பழைய துணியைத் துவைத்து, சின்னச் சட்டியில் தனியாக நாலு இட்லி, எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொடுக்கிறாள். தெருவுக்குத் தாள். பதினைந்து நாளாகத் தெருவுக்குத் தாள்தான். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே, கேட்டால் என்ன சொல்வது, ஒன்று சொன்னால் இன்னொன்று வரும், நூலைப் பிடித்து இழுத்தால் சேலை முழுக்க அவிழ்ந்துவிடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். தன் பிள்ளைக்குத் துணி, ஊரான் பிள்ளைக்குத் தாள். இதற்குப் பேர் என்ன? ராஜபாண்டி செய்ததாவது எல்லாரும் பார்க்க நடுரோட்டில் செய்தது. அவனைக் கூப்பிட்டு டாக்டர் சொன்னதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் வெளுத்துப்போனான், மறு நிமிஷம் மீசையைத் துடைத்துக்கொண்டான். "முடிஞ்சது முடிஞ்சதுதான்க்கா. இப்பப் போய்ச் சொன்னேன்னு வையி, போலீஸு என்னையத் தூக்கி உள்ள வச்சிரும். போக்சோ கேசுக்குப் பயந்துதான அவன் வாயத் தொறக்காமக் கெடக்கான், அப்பிடியே கெடக்கட்டும். பாப்பா விசயம் வெளிய தெரிஞ்சா ஏழு வயசுல ஆயிட்டாளாம்னு ஊரே வேடிக்க பாக்க வரும். பதிமூணு வயசாகட்டும், தாய்மாமன் நான் அம்பத்தோரு தட்டுச் சீர் கொண்டாந்து எறக்குறேன். அதுவரைக்கும் மூடு வாய." ஐம்பத்தோரு தட்டு. பளபளவென்று பிளாஸ்டிக் பேப்பர் சுற்றி, பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் பக்கெட், ரோட்டை அடைத்து ஒரு பிளெக்ஸ் பேனர். அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாக அவன் மூஞ்சியில் அடித்தால் என்ன. ஆனால் அவன் சொன்னதிலும் ஒன்று இருக்கிறதே. சவரிமுத்து நல்லவன் என்று எப்படிச் சொல்வது? டாக்டர் சீட்டைக் காட்டித்தான் சொல்லவேண்டும். சீட்டில் பிள்ளையின் பேர் இருக்கிறது, வயசு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அதைக் காட்டினால் மிதுனா நாளைக்குத் தெருவில் நடக்க முடியாது, பள்ளிக்கூடத்தில் உட்கார முடியாது, கண்டவன் கண்ணும் அதன் நெஞ்சில்தான் போய் நிற்கும். காட்டாவிட்டால் சவரிமுத்து செத்தாலும் பிள்ளை மேல் கை வைத்தவன், அவன் பிள்ளைகள் பிள்ளை மேல் கை வைத்தவனின் பிள்ளைகள். ஒருத்தன் பேரை மீட்க பெற்ற பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்தவேண்டும். நிறுத்துவாளா எவளாவது? மாட்டாள். மாட்டேன். அங்கேதான் புத்தி வந்து முட்டி முட்டி நிற்கிறது, நின்று திரும்பி மறுபடி செவ்வாய்க்கிழமைக்கே போகிறது. நேற்றுச் சாயங்காலம் தலை பின்னும்போது மிதுனா ஒன்று கேட்டது. வேண்டாம். அதை மட்டும் இப்போது நினைக்கக்கூடாது.

"யக்கா, ஒரு செட்டு இட்லி பார்சல், சாம்பார் நல்லா சூடா ஊத்துங்க, வாய்க்கு ஒண்ணுமே பிடிக்க மாட்டேங்குது" என்று ஒரு பெண் வந்து நின்றாள். பின்தெருவுக்குப் புதிதாக வாழ வந்தவள். ஏழு மாத வயிறு, கை நிறையக் கண்ணாடி வளையல், நேற்றோ முந்தாநாளோ வளைகாப்பு முடிந்திருக்கிறது. நாகஜோதி ஆணியில் தொங்கிய கட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை உருவி, ஊதி விரித்து, இடது கையில் பிடித்துக்கொண்டு, தளதளவென்று கொதிக்கிற சாம்பாரை ஒரு கரண்டி அள்ளினாள். கவரின் வாய்க்கு மேலே கரண்டி நின்றது. அந்தப் பெண் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள், உள்ளே கிடப்பது உதைத்திருக்கும். ஊற்று. எத்தனை ஆயிரம் ஊற்றியிருக்கிறாய், இன்னொன்று ஊற்றினால் என்ன, நிச்சயமாக எதுவும் ஆகும் என்று டாக்டரே சொல்லவில்லை. எதிரே ஸ்டெல்லாவின் கண் இமைக்கவில்லை. ஊற்றினாள். சாம்பார் கவருக்குள் போகவில்லை, கவரைப் பிடித்திருந்த கையில் போயிற்று, மணிக்கட்டில் விழுந்து விரல்வரைக்கும் வழிந்தது. கை தவறியதா, அவளே செய்தாளா, அவளுக்கே தெரியவில்லை. வலி உச்சந்தலையில் போய் அடித்தது. "ஐயோ அக்கா!" என்று அந்தப் பெண் அலறினாள். நாகஜோதி அலறவில்லை. காய் நறுக்குகிற கத்தியை எடுத்து, ஆணியில் தொங்கிய கவர் கட்டில் ஓங்கிக் குத்தினாள், இன்னொரு குத்து, இன்னொரு குத்து, கிழித்து இழுத்தாள், பலகையில் அடுக்கியிருந்த இட்லித் தாள்களை அப்படியே குடலை உருவுவதுபோல உருவித் தரையில் போட்டுக் காலால் மிதித்தாள். கொப்பரையின் மூடி உருண்டுபோய் ரோட்டில் விழுந்து சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டது. தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்துவிட்டார்கள். "பாத்திரம் இருந்தா கொண்டா" என்றாள் நாகஜோதி அந்தப் பெண்ணிடம், மூச்சு வாங்க. "இல்லைன்னா தட்டுல வாங்கித் தின்னுட்டுப் போ. கவருல குடுக்க மாட்டேன். செத்தாலும் குடுக்க மாட்டேன்." யாரோ "கிறுக்குப் பிடிச்சிருச்சா" என்றார்கள். வெந்த கை புசுபுசுவென்று சிவந்துகொண்டு வந்தது. சவரிமுத்துவின் கையும் இதுதான், வலது கை, மணிக்கட்டு. இல்லை, இது இடது. இடது கையைத்தானே எக்ஸ்ரே எடுத்தார்கள். தலை பின்னும்போது பிள்ளை அந்த இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டது. கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக, அடி வருமோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டு கேட்டது. "அம்மா, நான் பெரிய மனுஷி ஆயிட்டேன்னு எல்லார்கிட்டயும் நானே சொல்லிரவா? சொன்னா சவரி மாமாவ விட்டுருவாங்களா?"

கேட்டது. நாகஜோதி பின்னலை இறுக்கினாள், அவ்வளவுதான் செய்தாள். ஏழு வயசுப் பிள்ளை தன்னை எடுத்துக் கொடுக்கிறேன் என்கிறது. அம்மா பயந்து ஒளிகிற இடத்துக்கு அது நடந்து போகிறேன் என்கிறது. அடித்து வாங்கிய பொய்க்கும் அதுவே கூலி கொடுக்கவேண்டுமா, அந்தக் கூலியையும் அதன் உடம்பிலிருந்தே அறுத்துக் கொடுக்கவேண்டுமா? அடுப்பை அணைத்தாள். கடுகு டப்பாவிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் தங்கராசு வாசலுக்கு வந்து "எங்க போற?" என்றார். "புள்ளையப் பாத்துக்க" என்றாள். ரோட்டில் இறங்கினாள், பஸ் ஒன்று பிரேக் போட்டுத் திட்டிவிட்டுப் போனது. டிரான்ஸ்பார்மருக்குக் கீழே போய் ஸ்டெல்லாவுக்கு முன்னால் நின்றாள். இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை, கண்ணுக்கடியில் கன்றிப்போயிருந்தது, தூங்கவே இல்லை போலிருக்கிறது. "உன் புருஷன் ஒண்ணும் பண்ணல. எனக்குத் தெரியும், பதினஞ்சு நாளாத் தெரியும்" என்றாள். இப்போது அறைவாள். அறையட்டும். ஸ்டெல்லா அறையவில்லை. "எனக்கு எதுக்குச் சொல்ற? என் புருஷன எனக்குத் தெரியாதா?" என்றாள். பதினாறு நாளுக்குப் பிறகு வந்த குரல், கரகரத்திருந்தது. "எங்க வச்சு அடிச்சீங்களோ அங்க வந்து சொல்லு. அதுக்குத்தான் நிக்கிறேன்." திரும்பி நடந்தாள். நாகஜோதி பின்னால் நடந்தாள், இன்றைக்கும் காலில் செருப்பில்லை, அதை மெடிக்கல் ஷாப் வாசல் வந்த பிறகுதான் கவனித்தாள்.

ஸ்டாண்டில் பதினோரு ஆட்டோ. பன்னிரண்டாவது ஓரத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது, மிதியடியை யாரும் கழுவவில்லை. ராஜபாண்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அக்காவையும் ஸ்டெல்லாவையும் ஒன்றாகப் பார்த்ததும் கையிலிருந்த கிளாஸை வைத்தான். நாகஜோதியின் வெந்த கை நெஞ்சுக்குப் போயிற்று, சீட்டின் முனை விரலில் பட்டது. எடு. எடுத்து விரி. இதுதானே அத்தாட்சி. பதினைந்து நாளாக இது ஒன்றுதான் வழி என்று முட்டிக்கொண்டிருந்தாளே. அப்போதுதான், அத்தனை பேர் கண்ணும் தன் மேல் இருந்தபோது, அவளுக்குத் தெரிந்தது. அந்த மனுஷனின் கையை ஒடித்தது பிள்ளையின் ரத்தம் இல்லை. இவர்கள் யாருக்கும் ரத்தத்தைப் பற்றியே தெரியாது. இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை பேர் சொன்னது என்பதுதான். பிள்ளை எப்படிச் சொன்னது என்பதைச் சொன்னால் போதும். அது பிள்ளையின் ரகசியம் இல்லை. அது இவளுடையது. விரலைச் சீட்டிலிருந்து எடுத்தாள். "எல்லாரும் கேளுங்க" என்றாள், கடையில் இட்லி கூவுகிற அதே குரலில். "சவரிமுத்து என் புள்ளையத் தொடல. எவனும் தொடல. நான்தான் அடிச்சேன். தோசைக் கரண்டியால அடிச்சு, பேர் பேராச் சொல்லிக் கேட்டேன். நாலு அடிக்கு இல்ல இல்லன்னுதான் சொல்லுச்சு. அஞ்சாவது அடிக்குத் தலையை ஆட்டுச்சு. வலி தாங்காம ஆட்டுச்சு. அத வச்சுத்தான் அவன் கைய ஒடிக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன்." எங்கேயோ ஒரு ஆட்டோ எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ராஜபாண்டி நாலு எட்டில் வந்துவிட்டான். முதல் அடி வாயில் விழுந்தது, உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. "கிறுக்கு முண்ட, யாருடி உன்னையச் சொல்லச் சொன்னா?" இரண்டாவது காதில். கொய்யென்று சத்தம் வந்து அடைத்துக்கொண்டது. "இவ மிரட்டுனாளா? இவதான சொல்லச் சொன்னா?" மூன்றாவதுக்கு மண்டியிட்டாள். ஸ்டெல்லா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள், உதறித் தள்ளினான். நாலாவது பிடரியில். "சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லு. வாயால சொல்ல வேணாம், தலைய ஆட்டு, போதும், ஆட்டுடி!" கையை ஓங்கிக்கொண்டு நின்றான். வாய்க்குள் ரத்தம் உப்பாக இருந்தது. ஐந்தாவது அடியும் விழுந்தது. நாகஜோதி தலையை ஆட்டவில்லை.